திரும்பி வராத நூறு கனெக்ஷன்கள்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் பக்கம் போகிற பாதையில், கலகெதர டவுனுக்குள் மிளகு வாசம் மூக்கில் ஏறினால் அது எங்கட சாச்சாவின் கடையாக இருக்கலாம். விற்கிற கடை இல்லை, வாங்குகிற கடை. சுற்றுவட்டாரத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்து மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் சாக்கிலும் ஷொப்பிங் பேக்கிலும் வந்து இறங்கும். சாச்சா கையில் அள்ளிப் பார்ப்பார், ஈரம் பார்ப்பார், தராசில் வைப்பார், அன்றைய விலையைப் போட்டு சல்லியை எண்ணிக் கொடுப்பார்.

இந்த வியாபாரத்தில் அட்வான்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு ஸ்கூல் சாமான் வாங்க, வீட்டுக் கூரை மாற்ற என்று சனங்கள் சீசனுக்கு முன்னாடியே சல்லி எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு மிளகு கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். எழுத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. சாச்சாவின் நீலக் கொப்பியில் ஒரு பெயர், ஒரு தொகை, பக்கத்தில் சரி போட்ட அடையாளங்கள். அவ்வளவுதான்.

2021 கடைசியில், டிப்ளோமா முடித்த கையோடு, நான் அந்தக் கொப்பியை ஒழிக்கப் புறப்பட்டேன்.

விபி டொட் நெட்டில் ஒரு டெஸ்க்டொப் ப்ரோக்ராம், பின்னால் மைஎஸ்கியூஎல். முன்மேசையில் ஒரு கொம்பியூட்டர், உள் அறையில் ஒன்று. பில் அடிக்கும், விலை காட்டும், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் மிச்சம் என்று சொல்லும். உம்மா சாச்சியிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். சாச்சா மட்டும் பில் அடித்த பிறகு கொப்பியிலும் எழுதிக்கொண்டே இருந்தார். "ஏன் சாச்சா ரெண்டு வேலை?" என்று கேட்டால், "எழுதாட்டி நித்திரை வராது மகன்" என்பார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

இனி கொஞ்சம் ப்ரோக்ராம் கதை. கோட் எழுதாதவங்களும் கூட வரலாம், கஷ்டமா இருக்காது.

நம்ம ப்ரோக்ராமும் டேட்டாபேஸும் ஒரே மெஷினில் இருந்தாலும் இரண்டு வேறு ஆட்கள். ஒன்று மற்றதோடு பேச முதலில் ஒரு இணைப்பு வேண்டும். அதுதான் கனெக்ஷன். அதைத் திறக்க வேண்டும், பேச வேண்டும், மூட வேண்டும். ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட் செய்த எல்லாருக்கும் தெரிந்த ஒரு மொடியூல் இருக்கிறதே, அதில் பப்ளிக்காக ஒரேயொரு கனெக்ஷன் அறிவித்து, லொகின் ஃபோர்மில் திறந்து, ப்ரோக்ராம் மூடும்வரை எல்லா ஃபோர்மும் அதையே பாவிக்கிறது. யூடியூபில் பார்த்து நானும் அதைத்தான் செய்தேன். கொஞ்ச நாளில் எரர் வந்தது: இந்தக் கனெக்ஷனில் ஏற்கனவே ஒரு டேட்டா ரீடர் திறந்து கிடக்கிறது, முதலில் அதை மூடு என்று. ஒரு ஃபோர்ம் வாசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஃபோர்ம் அதே குழாயில் வாய் வைத்தால் வேறென்ன நடக்கும்?

சரி என்று மாற்றினேன். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனிக் கனெக்ஷன். மேல் வரியில் ஓபன், கடைசி வரியில் க்ளோஸ். பார்க்க நல்ல சுத்தமாக இருந்தது. நானும் இதுதான் சரியான முறை என்று நினைத்தேன். பாதி சரிதான்.

அப்போதுதான் 2022 வந்தது. அந்த வருஷத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு. கடையில் யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தும், அவசரமா மெஷினை மூடுவார்கள், கரண்ட் வந்ததும் திறப்பார்கள், திரும்பப் போகும். ப்ரோக்ராமில் என்ன சின்னப் பிழை வந்தாலும் என்னிடம் ரெடிமேட் பதில் இருந்தது: "கரண்ட் போய்ப் போய் வாறதால சாச்சா." யார்தான் அதை மறுப்பாங்க?

2023 பெப்ரவரி நடுப்பகுதியில் மின்வெட்டு நின்றது. பில் விலை ஏறினாலும் கரண்ட் இருந்தது. கடையில் மெஷினை இரவில்கூட மூடுவதில்லை, ஸ்க்ரீனை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள். இனி ப்ரோக்ராம் ஒழுங்கா ஓடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அது இறுக ஆரம்பித்தது.

சாச்சாவின் கோல் வரும். "மகன், இது திரும்ப இறுகிட்டு. ஆக்கள் நிக்கிறாங்க." பட்டனை அழுத்தினால் ஒரு 15 செக்கன் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரு நீளமான எரர் வரும். நான் சொல்வேன், "மூடித் திறங்க சாச்சா." மூடித் திறந்தால் சரியாகிவிடும். சரியாகிற பிழையை யார் தோண்டிப் பார்க்கிறது?

அந்த எரரை நான் ஒழுங்காக வாசித்ததே இல்லை. அது சொன்னது இதுதான்: பூலிலிருந்து கனெக்ஷன் ஒன்று எடுக்கப் பார்த்தேன், எல்லாம் வெளியில் இருக்கிறது, உச்ச எண்ணிக்கையைத் தொட்டுவிட்டது, காத்திருந்தேன், நேரம் முடிந்தது.

பூல் என்றால் என்ன? எங்க ஊர்ப் பள்ளிவாசல் ஸ்டோர் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சஹன் அடுக்கி வைத்திருப்பார்கள். வீட்டில் கலியாணம் என்றால் யாரும் புதிதாக சஹன் வாங்குவதில்லை. போய் எடுத்துவருகிறோம், சாப்பாடு முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்கிறோம், அடுத்த வீட்டுக்காரர் எடுப்பார். கனெக்ஷனும் அப்படித்தான். புதிதாக ஒன்று உண்டாக்குவது செலவான வேலை, சேர்வரைத் தேடிப் போக வேண்டும், பாஸ்வேர்ட் காட்ட வேண்டும். அதனால் நாம் க்ளோஸ் என்று எழுதினாலும் உண்மையில் அது உடைக்கப்படுவதில்லை, கழுவித் திரும்ப அடுக்கில் வைக்கப்படுகிறது. அடுத்த ஓபனுக்கு அதே சஹன் கிடைக்கும். இது தெரியாமல்தான் நிறையப் பேர், ஒவ்வொரு தடவையும் திறந்து மூடினால் ப்ரோக்ராம் ஸ்லோவாகும் என்று பயந்து ஒரே கனெக்ஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

அடுக்கில் எத்தனை சஹன்? மைஎஸ்கியூஎல்லின் டொட் நெட் கனெக்டரில், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 100. மைக்ரோசொஃப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வருக்கும் அதே 100தான். காத்திருக்கும் நேரம் 15 செக்கன். சாச்சா சொன்ன அந்த இறுகல் சரியாக இந்த 15 செக்கன்தான்.

அப்ப 100 கனெக்ஷனும் எங்கே போனது? சின்னக் கடையில் இருந்ததே இரண்டு மெஷின்.

அதைத் தேடாமல் நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் 100ஐ 500 ஆக்கினேன். இரண்டு கிழமை சத்தம் இல்லை. பிறகு சனம் நிறைந்த ஒரு நாள், வேறு எரர்: கனெக்ஷன் கூடிவிட்டது என்று இந்தத் தடவை சேர்வரே கதவைச் சாத்தியது. மைஎஸ்கியூஎல் சேர்வர் தன் பக்கத்தில் சாதாரணமாக 151 பேரைத்தான் உள்ளே விடும். இன்னொரு விஷயம், நிர்வாகிக்கென்று ஒரு இடத்தை அது மேலதிகமாக ஒதுக்கி வைத்திருக்கும், இப்படியான நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கிறதுக்கு. என் ப்ரோக்ராம் லொகின் ஆனதே ரூட் பெயரில். ஆகவே அந்த ஒரு நாற்காலியிலும் அதுவே உட்கார்ந்துகொண்டு, என்னை வாசலில் நிற்க வைத்தது. அன்றும் மூடித் திறந்தோம்.

பிறகு ஆச்சி வந்தார்.

பக்கத்துக் கிராமத்து சிங்கள ஆச்சி. சீசனுக்கு முன் 20,000 ரூபாய் அட்வான்ஸ் எடுத்திருந்தார். நாலு தடவை மிளகு கொண்டுவந்தார், தடவைக்கு 5,000 கழித்தோம். ஐந்தாவது தடவை வந்து, இன்றைக்கு முழுச் சல்லியும் கைக்கு வரும் என்று பெஞ்சில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். அன்று சாச்சாவின் மகனுக்கு வேலை இருந்ததால் நான்தான் மெஷினில். பெயரைப் போட்டேன். மிச்சம் 5,000 என்று காட்டியது.

"அம்மே, இன்னும் ஐயாயிரம் இருக்கே" என்று சிங்களத்தில் சொன்னேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து எங்கட பில்களை எடுத்தார். எல்லாம் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, பத்திரமாக. அந்தச் சூட்டுக் கடதாசியில் அடித்த எழுத்து அழிந்துபோய் இரண்டு வெறும் வெள்ளையாக இருந்தது. சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னார், "மெஷின் பொய் சொல்லாது தானே புதே. நான்தான் மறந்திருப்பன். கழிச்சுக்கோங்க."

சாச்சா தராசுப் பக்கமிருந்து எழும்பி வந்தார். "மகன், அந்த நீலக் கொப்பிய எடுங்க." ஆச்சியின் பெயருக்குப் பக்கத்தில் நாலு சரி. திகதியோடு. சாச்சா என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. லாச்சியைத் திறந்து ஆச்சிக்கு முழுச் சல்லியையும் எண்ணிக் கொடுத்தார், பிளேன்டீ ஒன்று சொல்லிவிட்டார். நான் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஏசியிருந்தால் பரவாயில்லை.

அன்று இரவு டேட்டாபேஸை பென் ட்ரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முதலில் ஒரு குவெரி: பில்களில் கழித்த தொகையைக் கூட்டி, அட்வான்ஸ் மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார். மூன்று நிமிஷ வேலை. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த மூன்று நிமிஷத்தை நான் எடுக்கவில்லை. ஆச்சி உட்பட ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரிடமும் கழித்திருக்கிறோம், ஏழு பேரின் கணக்கிலும் அது ஏறவில்லை. நீலக் கொப்பி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஏழு பேரிடமும் இரண்டாம் தடவை வாங்கியிருப்போம்.

அடுத்த நாள் கடை மெஷினில், ஷோ ப்ரொசஸ்லிஸ்ட் என்று சேர்வரைக் கேட்டேன். இப்போது யார் யார் உன்னோடு இணைந்திருக்கிறார்கள் என்று கேட்கிற கட்டளை அது. பக்கம் பக்கமாக வரிகள். எல்லாவற்றிலும் ஒரே சொல்: ஸ்லீப். எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒன்றும் செய்யாமல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேர்வர் சாதாரணமாக எட்டு மணித்தியாலம், அதாவது 28,800 செக்கன், பொறுத்துப் பார்த்துவிட்டு இப்படித் தூங்குகிற கனெக்ஷனை வெட்டிவிடும். ஆனால் ப்ரோக்ராம் பக்கத்துப் பூலின் கணக்கில் அது இன்னும் வெளியில்தான். சஹன் உடைந்தே போனாலும் பள்ளிவாசல் ரெஜிஸ்டரில் திருப்பித் தந்ததாக எழுதப்படாத மாதிரி.

பிழை இருந்தது அட்வான்ஸ் கழிக்கிற ஃபங்ஷனில். மேலே ஓபன். பிறகு, இவருக்கு அட்வான்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை, வெளியே போ என்று ஒரு எக்ஸிட் சப். கடைசி வரியில் க்ளோஸ். அட்வான்ஸ் இல்லாத ஆள் வந்தால் நடுவிலேயே வெளியேறிவிடும், கடைசி வரிக்குப் போகவே போகாது. அட்வான்ஸ் இல்லாத ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு கனெக்ஷன் தொலைந்தது. விலை பார்க்கிற ஸ்க்ரீனிலும் இதே கதை, அங்கே எரர் வந்தால் க்ளோஸைத் தாண்டி கேட்ச்சுக்குப் பாயும்.

அடுத்த விஷயம்தான் ஆச்சியைக் கடித்தது. பில் சேவ் பண்ணுகிற ஃபங்ஷன் ஒரு கனெக்ஷனைத் திறந்து, பில்லை எழுதி, பிரிண்ட் அடித்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே அட்வான்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிடும். அது தனக்கென்று இன்னொன்றைத் திறக்கும். அடுக்கில் கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சி இருக்கும் நேரத்தில் ஆச்சி வந்தால்? பில்லுக்குக் கனெக்ஷன் கிடைக்கும். பில் பதியும், பிரிண்ட் வரும், சல்லி கழித்துக் கொடுக்கப்படும். கணக்கில் கழிக்கக் கனெக்ஷன் கிடைக்காது. 15 செக்கன், எரர், மூடித் திற. அவ்வளவும் மறைந்துவிடும், பாதிக் கணக்கு மட்டும் உள்ளே தங்கிவிடும்.

இதை எழுதும்போதுதான் இன்னொன்று உறைத்தது. 2022இல் இந்தப் பிழை ஏன் வரவில்லை? கோட் அதே கோட். ஆனால் அப்போது கரண்ட் போகப் போக மெஷினை மூடித் திறந்தோம், தொலைந்த கனெக்ஷன் எல்லாம் 100ஐத் தொட முன்னாடியே துடைக்கப்பட்டது. எந்த மின்வெட்டை நான் சாட்டுக்குச் சொன்னேனோ அதுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் நின்று ஓடியதும் நான் மாட்டினேன்.

திருத்தியது எப்படி என்று கேட்டால், கோட்டாகப் பார்க்கப் பெரிதாக இல்லை. முதலாவது, யூசிங் ப்ளொக். கனெக்ஷன், கமாண்ட், ரீடர் மூன்றையும் அதற்குள் போட்டேன். நடுவில் எக்ஸிட் ஆனாலும், எரர் வெடித்தாலும், அந்த ப்ளொக்கை விட்டு வெளியே போகும்போது அது தானாகத் திருப்பிக் கொடுத்துவிடும். கலியாண வீட்டில் சண்டை வந்து பாதியில் கலைந்தாலும் சஹனைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமித்த மாதிரி. விபியில் இது 2005 பதிப்பிலிருந்தே இருக்கிறது. டொட் நெட்டில் கார்பேஜ் கலெக்டர் இருக்கே, அது சுத்தம் பண்ணாதா என்று ஒரு கூட்டாளி கேட்டான். அது எப்போது வரும் என்று அதற்குத்தான் தெரியும். முன்மேசையில் ஆள் நிற்கும்போது அதை நம்பி இருக்க ஏலாது.

இரண்டாவது, ட்ரான்ஸாக்ஷன். பில், அட்வான்ஸ் கழிவு இரண்டும் ஒரே கனெக்ஷனில், ஒரே ட்ரான்ஸாக்ஷனில். இரண்டும் பதிந்தால் பதியும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது. உள்ளே கூப்பிடுகிற ஃபங்ஷன் தானாக எதையும் திறக்காது, திறந்திருப்பதை வாங்கிக்கொள்ளும். பிரிண்ட், மெசேஜ் பொக்ஸ் எல்லாம் கமிட் ஆன பிறகுதான். யாரோ ஒருவர் ஓகே அழுத்தும் வரைக்கும் டேட்டாபேஸைப் பிடித்து வைத்திருப்பது என்ன நியாயம்? கடைக்குத் தனி யூசரும் போட்டேன், ரூட் எனக்கு மட்டும்.

யாரும் எனக்குச் சொல்லித்தராத ஒரு வித்தையும் இருக்கிறது, இது பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் எழுதும்போது பூல் அளவை 500 ஆக்காதீர்கள், 1 ஆக்குங்கள். ஒரே சஹன் உள்ள பள்ளிவாசல். எங்கே திருப்பிக் கொடுக்காமல் போகிறதோ, எங்கே ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது கேட்கிறதோ, அந்த இடத்தில் உடனே இறுகும். ஒரு சீசன் முழுக்க மறைந்திருந்த பிழைகள் எனக்கு ஒரு மத்தியானத்தில் வந்தன. மொத்தம் ஒன்பது இடம்.

சேர்வரே தேவையா என்றும் யோசித்தேன். எஸ்கியூலைட் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான ப்ரோக்ராமில் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சேர்வர் விழுந்தால் அவருடைய ப்ரோக்ராமும் எரர் காட்டிக்கொண்டு நிற்கும். இந்த வேலைக்கு நடுவில் சேர்வர் எதற்கு, நேரே ஃபைலில் வாசித்தால் என்ன என்று தொடங்கியதுதான், 2000ஆம் ஆண்டு முதல் பதிப்பு வந்தது. ஒரே மெஷினில் ஓடுகிற கடை என்றால் நான் இன்று கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் போடுவேன். ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம், ஃபைலை நெட்வேர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு மெஷினிலிருந்து திறப்பதும் ஆபத்து. சாச்சாவுக்கு இரண்டு மெஷின். மைஎஸ்கியூஎல் இருந்துவிட்டது.

மற்ற ஆறு பேரையும் சாச்சா தேடித் தேடிச் சொன்னார். இருவருக்கு நான் அவருடைய பைக்கில் போய் நேரில் சொன்னேன். மெஷின் பிழை என்று சொல்ல வாய் வந்தது. நான் எழுதினதில பிழை என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். மற்றவர், அப்படியென்றால் போன வருஷக் கணக்கையும் பார் என்றார். பார்த்தேன், சரியாக இருந்தது. ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த சீசனில், சனம் குறைந்த ஒரு பின்னேரம் கடையில் இருந்தேன். சும்மா ஷோ ப்ரொசஸ்லிஸ்ட் போட்டுப் பார்த்தேன். இரண்டு மெஷினுக்கும் சேர்த்து மூன்று வரி. சாச்சா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இப்ப சரியா ஈக்கா?"

"ஓம் சாச்சா, மூணுதான்."

"அப்ப நான் கொப்பி எழுதுறத நிப்பாட்டவா?"

"வேணாம் சாச்சா. எழுதுங்க."

அவர் பேனையைத் திறந்து அன்றைய திகதியைப் போட்டார்.